நிலாவைக் காட்டி கேமரா விற்பார்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 47. மூன்று வருடமாக ஞாயிறு விடிகாலையில் மூக்கனேரிக்கோ ஏற்காட்டுக்கோ வண்டியை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கப் போகிறேன். கையில் ஒரு 8×42 பைனாகுலர் இருக்கிறது. ஏலச்சீட்டு எடுத்த பணத்தில் ஒன்றரை லட்சத்தைக் கேமராவுக்கு என்று தனியாக வைத்திருக்கிறேன். கடைக்காரர் 125 மடங்கு ஜூம் உள்ள கேமராவை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் அக்கா மகனோ, ஃபுல் ஃப்ரேம் தவிர வேறு எதையும் தொடாதீங்க மாமா என்கிறான். எனக்கு ஆசை, காப்பித் தோட்டத்தில் வேதிவால் குருவியை ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும், பறக்கிற பறவையையும் எடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்ப்பதால் கழுத்து வலி உண்டு. எதை வாங்கட்டும்? இன்னொன்று: இலைக்குள் ஒளிந்திருக்கும் பறவையை வரவழைக்க மொபைலில் அதன் குரலைப் போடலாமா?

பதில்:

கடைக்காரர் உங்களைச் சாயங்காலம் வாசலுக்கு அழைத்துப் போய் நிலாவை ஜூம் செய்து காட்டினாரா? அநேகமாகக் காட்டியிருப்பார். பள்ளங்கள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்கும், நீங்களும் அசந்துபோயிருப்பீர்கள். கல்யாண ஃபோட்டோ எடுத்துப் பிழைக்கிற நானே முதல் தடவை அசந்துதான் போனேன். ஆனால் நிலாவின் மேல் விழுவது நம் ஊர் வெயிலேதான். அது இலைக்குப் பின்னால் ஒளியாது, கிளை விட்டுக் கிளை தாவாது. கேமராவுக்கு நிலாவைவிட லேசான பரீட்சை கிடையாது. உங்கள் வேதிவால் குருவி அப்படியா?

ஜூம் எத்தனை மடங்கு என்ற கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் பைனாகுலரில் இருக்கும் இரண்டு எண்களில் 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். விடிகாலையில் 8×25 வைத்திருப்பவருக்குக் கருப்பு உருவமாகத் தெரிகிற பறவை உங்களுக்கு நிறத்தோடு தெரிவது அந்த 42-ஆல்தான். கேமராவுக்கும் இதே கணக்குதான். அட்டைப்பெட்டி மேல் அந்த எண்ணைப் போட மாட்டார்கள், நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை (லென்ஸுக்கு மி.மீ.-இல் சொல்லும் நீளம்) அதன் எஃப் எண்ணால் வகுத்தால் வருவதுதான் அதன் வாய் அகலம்.

போட்டுப் பார்ப்போம். 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி950-ஐ 2000 மி.மீ. என்று சொல்லி விற்கிறார்கள். அது ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவுக்கு, ஈடாகச் சொல்லும் எண். லென்ஸ் உண்மையில் 357 மி.மீ., எஃப் 6.5. வகுத்தால் 55 மி.மீ. வாய். கடைக்காரர் சொன்ன 125 மடங்கு, நிக்கான் பி1000 அல்லது அதே லென்ஸோடு பின்னால் வந்த பி1100 ஆக இருக்க வேண்டும்: 539-ஐ 8-ஆல் வகுத்தால் 67. சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் மாடல் 220 மி.மீ., எஃப் 4, அதுவும் 55. கேனானின் 100-400 மி.மீ. ஆர்எஃப் லென்ஸ், எஃப் 8 வகை: 50. நிக்கானின் 200-500, எஃப் 5.6: 89. பத்திரிகைக்காரர்கள் கிரிக்கெட் மைதானத்தில் வைத்திருக்கும் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸுக்கு 150.

பார்த்தீர்களா, 2000 மி.மீ. என்று விற்பதும் 400 மி.மீ. என்று விற்பதும் வாயில் ஏறக்குறைய ஒன்று. தூரத்தில் இருக்கும் பறவையிடமிருந்து இரண்டும் வாங்கிக்கொள்ளும் வெளிச்சம் கிட்டத்தட்ட சமம். பத்து மீட்டர் தூரத்தில் பத்து சென்டிமீட்டர் தேன்சிட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். 400 மி.மீ. லென்ஸில் அது சென்சார் மேல் 4 மி.மீ. நீளத்துக்கு விழும். பி950-இல் 3.6 மி.மீ. ஆனால் பி950-இன் சென்சார் 6 மி.மீ. சொச்சம்தான் அகலம், அதனால் பாதிப் படத்துக்கு மேல் பறவையே நிற்கும். அந்த 400 மி.மீ. லென்ஸை மாட்டும் கேமராவின் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிசு, பி950-ஐவிடப் பெரிசு) 22 மி.மீ. அகலம், அதில் அதே பறவை ஐந்தில் ஒரு பங்குகூட வராது. கடையில் பார்ப்பவருக்கு முன்னது ஜெயித்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து இரண்டாவது படத்தை வெட்டி அதே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. சில நாள் பி950 மாதிரி லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமராவின் படமே தேவலை என்றிருக்கும். இதைச் சொன்னால் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஆனால் நீங்கள் பத்து மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. முழு ஜூமில் அந்தத் தேன்சிட்டு பி950-இன் சென்சாருக்குள் அடங்காது, வாலோ அலகோ வெட்டுப்படும். ஜூமைக் குறைக்க வேண்டும். குறைத்தால் 55 மி.மீ. வாயும் கூடவே சுருங்கி 20 மி.மீ. பக்கம் வந்துவிடும். பெரிய சென்சாரில் 400 மி.மீ.-ஐத் தொடவே வேண்டாம். பறவை பாதிப் படத்தை நிறைக்கும், வாய் முழுதாகத் திறந்திருக்கும், நான்கைந்து மடங்கு வெளிச்சம் அதிகம். இறகு இறகாகப் பிரிந்து தெரிகிற படம் வருவது இங்கேதான். பக்கத்தில் போகத் தெரிந்தவருக்குத்தான் பெரிய சென்சாரால் லாபம். போக முடியாத இடத்திலும் போகப் பொறுமை இல்லாதவரிடத்திலும் அந்தக் காசு வீண்.

அதனால் எதை வாங்கலாம் என்பதைவிட, எங்கே நின்று எடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. மூக்கனேரி என்றால், ஏரிக்குள் இருக்கும் மண் திட்டுகளில்தான் நாரையும் நீர்க்காகமும் உட்காரும். நடுவில் தண்ணீர், நாம் கிட்டப் போக வழியில்லை. மூக்கனேரி மட்டும்தான் உங்கள் இடம் என்றிருந்தால் பி950-ஐ வாங்கிவிட்டு மிச்சப் பணத்தைப் பட்டறையில் போடுங்கள் என்று இங்கேயே முடித்திருப்பேன். (அங்கேயும் காலை ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும், நூறு மீட்டருக்கு அப்பால் எந்த லென்ஸ் வைத்தாலும் பறவை நீருக்குள் தெரிகிற மாதிரி நெளியும்.)

நீங்களோ ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தைச் சொல்கிறீர்கள். அது வேறு உலகம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால் மேலே சில்வர் ஓக்கும் அதைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடியும். செடிக்கு நல்லது, கேமராவுக்குக் கஷ்டம். வெயிலில் ஏரிக்கரையில் பறக்கும் கொக்கை நொடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டரில், எஃப் 8-இல் எடுக்க ஐஎஸ்ஓ (வெளிச்சம் குறைந்தால் ஏற்ற வேண்டிய எண்) 500 போதும். காலை ஏழரை மணிக்குத் தோட்டத்து அடர் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையை, 250-இல் ஒரு பங்கு ஷட்டரில் எடுக்கவே ஐஎஸ்ஓ 6400 கேட்கும். இரண்டு இடத்துக்கும் வெளிச்சத்தில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கண் அதைச் சரிக்கட்டிவிடுகிறது, நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் அந்தத் தோட்டத்தில் பறவை கிட்ட வரும். ஒரு சில்வர் ஓக் அடியில் இருபது நிமிடம் அசையாமல் நின்றால் வேதிவால் குருவி நாலைந்து மீட்டரில் வந்து பூச்சி பிடிக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து சின்னச் சின்ன வளையத்தைக் கோக்கிறவருக்கு நான் பொறுமை சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் உங்களுக்குப் பெரிய சென்சார்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பறக்கிற பறவை வேண்டும் என்கிறீர்கள். பி950 போன்ற பிரிட்ஜ் கேமராவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித்தேடி நிற்கும். அது நிற்பதற்குள் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டுத் திரும்ப உட்கார்ந்திருக்கும். நொடிக்கு 7 வீதம் 10 படம் எடுத்ததும் கார்டில் எழுத நேரம் கேட்கும். இப்போதைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும்) கேமராக்கள் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கின்றன. பதினைந்து வருடம் விரலால் பழகியதை இந்தக் கருவி ஒரே வாரத்தில் செய்துகாட்டியபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. ஆனால் இலைச் சந்தில் அதுவும் ஏமாறும். முன்னால் இருக்கும் காப்பி இலையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, என் பதில்: கேனான் ஈஓஎஸ் ஆர்10 பாடி மட்டும், அதோடு ஆர்எஃப் 100-400 லென்ஸ். கடையில் 18-150 லென்ஸோடு சேர்த்த செட்டைத் தள்ளப் பார்ப்பார்கள். பறவைக்கு அது உதவாது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விலை மாதத்துக்கு மாதம் ஆடுகிறது, ஆனாலும் இரண்டையும் ஒன்றரை லட்சத்துக்குள் அடக்கிவிடலாம். பாடி 429 கிராம், லென்ஸ் 635 கிராம். ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பி1000-ஐவிட முந்நூற்றைம்பது கிராம் குறைவு. உங்கள் கழுத்துக்காக இதைச் சொல்கிறேன். கேமராவோடு வரும் கழுத்துவாரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோளுக்குக் குறுக்கே போடும் வாரை வாங்கிக்கொள்ளுங்கள். எடை இடுப்புப் பக்கம் இறங்கிவிடும்.

இதில் குறையும் உண்டு. எஃப் 8 என்பது நிழலில் திணறும் லென்ஸ், மேலே சொன்ன 6400 கணக்கு இதற்குத்தான். படத்தில் மணல் தூவினது போல நாய்ஸ் வரும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப்பதிவு) எடுத்து, இப்போது வரும் நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆர்10 பாடிக்குள் அசைவுத் தடுப்பு கிடையாது, லென்ஸில் இருக்கிறது. அதுவும் நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவை தலையைத் திருப்பினால் அதை ஷட்டர் வேகம்தான் நிறுத்தும். மழைக்குப் பாடியும் தாங்காது, லென்ஸும் தாங்காது. ஏற்காட்டில் மேகம் எந்த நிமிடம் இறங்கும் என்று சொல்ல முடியாது. லாட்ஜில் கொடுக்கிற ஷவர் கேப் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள், கேமராவுக்கு அளவாக இருக்கும்.

அக்கா மகன் சொல்வது தப்பில்லை, பர்ஸ்தான் வேறு. ஃபுல் ஃப்ரேமில் படத்தில் பறவை இதே அளவு இடத்தை நிறைக்க 640 மி.மீ. லென்ஸ் வேண்டும். அந்த நீளத்துக்கு நல்ல வாய் உள்ள லென்ஸ் காரின் விலைக்குப் போய்விடும். ஒன்றரை லட்சத்தில் ஃபுல் ஃப்ரேம் பாடியை வாங்கினால் லென்ஸுக்கு இன்னொரு சீட்டுதான் போட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒரு வழியையும் சொல்லியாக வேண்டும்: பழைய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. 2016-இல் வந்த நிக்கான் டி500-உம் 200-500 லென்ஸும் செகண்ட் ஹேண்டில் உங்கள் பணத்துக்குள் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாய் 89 மி.மீ. என்று பார்த்தோமே, அப்படியென்றால் வெளிச்சம் மூன்று மடங்கு. வேதிவால் குருவிக்கு அதுதான் சரியான லென்ஸ் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். ஞாயிறு முழுக்க அதைத் தூக்கிவிட்டுத் திங்கள் காலை பட்டறையில் குனிந்து உட்கார உங்களால் முடியுமா? இரண்டு மாதத்தில் அது பீரோவுக்குள் போய்விடும் என்பது என் பயம். யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு காலை தூக்கிப் பாருங்கள். கழுத்து தாங்கினால் முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் என் கதையைக் கேளுங்கள். சில வருடம் முன்பு வெளியூரில் ஒருவரிடம் ஒரு டெலி லென்ஸ் வாங்கினேன். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கழுவச் செலவான பணத்தில் இன்னொரு லென்ஸ் வாங்கியிருக்கலாம். அதனால் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பாடியில் ஷட்டர் எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். டி500-இன் ஷட்டர் 2 லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் போயிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். புதுசே ஆனாலும் பில்லும் இந்திய வாரண்டி கார்டும் இல்லாமல் கொஞ்சம் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பழுது வந்தால் சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிடுவார்கள்.

பூஞ்சை என்றதும் ஞாபகம் வந்தது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வரும்போது கேமரா இன்னும் சில்லென்று இருக்கும். அங்கேயே டீக்கடையில் நிறுத்தி, எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்று பையைத் திறப்போம். கீழே இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் கண்ணாடி மேல் படிந்துவிடும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போட்டு 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசிக்குள் போடுவது எல்லாம் வேண்டாம், மாவு தூசிதான் உள்ளே போகும். ஒன்று மட்டும் கண்டிப்பாக: பட்டறையில் வைக்காதீர்கள். மெருகுத் தூசியும் அமிலப் புகையும் லென்ஸுக்கு ஆகாது.

வாங்கியதும் செய்ய வேண்டியது அதிகமில்லை. மேனுவல் மோடில் ஷட்டரையும் எஃப் எண்ணையும் நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். உட்கார்ந்த பறவைக்கு 500-இல் ஒரு பங்கில் ஆரம்பித்து வெளிச்சம் குறையக் குறைய இறக்கலாம், பறப்பதற்கு 2000. ஃபோகஸில் விலங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள், பறவையும் அதற்குள்தான் வரும். ஆர்10-இல் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம். எலக்ட்ரானிக்கில் 23 வரும், ஆனால் வேகமாக அடிக்கிற சிறகு அதில் வளைந்து விழும். எல்பி-ஈ17 பேட்டரி சிறிசு, காலை ஒன்பதரைக்கே தீர்ந்துவிடும்; இன்னொன்று பையில் இருக்கட்டும்.

குரல் போடும் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. இரை தேடுகிற நேரத்தையும் கூட்டைப் பார்த்துக்கொள்கிற நேரத்தையும் இல்லாத எதிரியிடம் செலவழிக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பாறைச் சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பறவை, அழியக்கூடியவை பட்டியலில் உள்ளது. அதைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தடவை மொபைலை அமுக்கினால் அது எப்போது சாப்பிடும்? கூடு இருக்கும் கிளையையும் படத்துக்காக ஒதுக்கி விடாதீர்கள், மறுநாளே காக்கை பார்த்துவிடும். குரல் போட்டு வந்த பறவை படத்திலும் நன்றாக இருக்காது, கழுத்து விறைத்துச் சண்டைக்கு நிற்கும். இருபது நிமிடம் நின்றால் தானாக வருவதை ஏன் கூப்பிட வேண்டும்? தோட்டத்துக்குள் போகிறபோது உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். காப்பி பறிக்கும் பெண்களிடம் கேட்டால் எந்த மரத்தில் எது கூடு கட்டியிருக்கிறது என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கடைக்கு மாலையில் போகாதீர்கள், காலையில் போங்கள். சொந்த மெமரி கார்டு ஒன்றை எடுத்துப் போய், வாசலில் நின்று கரண்ட் கம்பியில் இருக்கும் கரிச்சானையோ பறக்கிற மாடப்புறாவையோ ஐம்பது படம் எடுங்கள். அப்புறம் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சம் எட்டாத மூலையில் ஏதாவது சின்ன எழுத்தை எடுத்துப் பாருங்கள். கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பார்த்த பிறகு பணத்தைக் கட்டினால் போதும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டியதே இல்லை. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். அந்த நாட்களில் மூக்கனேரியில் இரண்டு மூன்று பேராவது ஆளுக்கொரு லென்ஸோடு நிற்பார்கள். அவர்களிடம் கேட்டு 200-500-ஐ ஒரு முறை தோளில் மாட்டிப் பாருங்கள்.